மைல் ஓடிய தாய்மாமன்

இந்த நாட்டில் நான் குளிப்பதென்றால் முதலில் என் லொறி குடிக்க வேண்டும். பெருந்தெருவோரத்து லொறித் தரிப்பிடங்களில் டீசல் தாங்கியை நிரப்பினால் ஒரு துண்டு தருவார்கள். அந்தத் துண்டைக் காட்டினால்தான் குளியலறைத் திறப்பு. தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு, பொரித்த கோழி மணக்கும் கடையின் நடுவே, ஒலிபெருக்கியில் ஒரு பெண் என் இலக்கத்தைக் கூப்பிடும்வரை நிற்க வேண்டும். தாங்கியில் அரைவாசிக்கு மேல் டீசல் கிடந்தால் அன்றைக்குக் குளிப்பு இல்லை, நாற வேண்டியதுதான். மானிப்பாயில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் என்னை யாரும் இலக்கம் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வந்த புதிதில் இதை மற்றவர்களுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவதாகக் கேள்விப்படுகிறேன். கனடாவிலிருந்து புறப்பட்டு அமெரிக்கா முழுவதும் சுற்றுகிறானாம், கொடுத்துவைத்தவனாம். ஐயா, நான் பார்த்த அமெரிக்காவை உங்களுக்குச் சொல்கிறேன். அது ஒரு பண்டகசாலையின் பின்பக்கம். அதற்கு ஒரு இலக்கம் இருக்கும். அந்த இலக்கத்துக்குள் லொறியைப் பின்னுக்கு விட்டுச் செருகிவிட்டு, யாரோ பெட்டிகளை ஏற்றும்வரை அல்லது இறக்கும்வரை இருக்கையிலேயே குந்திக்கொண்டிருக்க வேண்டும். பிறகு அடுத்த ஊரின் பின்பக்கம். கலிபோர்னியாவுக்குப் பலமுறை போயிருக்கிறேன், கடலை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. குருநகர்க் கடற்கரையில் ஒரு பின்னேரம் நின்றவன் என்னைவிட அதிகம் பார்த்திருக்கிறான்.

எங்கள் தொழிலில் இரண்டே இரண்டு விஷயங்கள்தான் பேச்சு. ஒன்று மைல், மற்றது வீட்டு நாள். ஓடுகிற மைலுக்குத்தான் சம்பளம், நிற்கிற நேரத்துக்கு ஒன்றும் இல்லை. ஆகவே நிறைய ஓட வேண்டும். நிறைய ஓடினால் வீட்டுக்கு வர முடியாது. வீட்டுக்கு வந்தால் ஓட முடியாது. இந்த இரண்டையும் பிரித்துத் தருகிற அதிகாரம் டிஸ்பாச்சர் என்று ஒருவனிடம் இருக்கிறது. எந்தச் சுமையை யார் எங்கே கொண்டுபோவது என்று தொலைபேசியில் சொல்பவன் அவன். எங்கள் டிஸ்பாச்சரின் பெயர் கெவின். அவன் என்னைத் தன் 'நம்பர் ஒன்' என்பான். அவன் தந்த எந்தச் சுமைக்கும் நான் மாட்டேன் என்று சொன்னதில்லை என்பதுதான் அந்தப் பட்டத்துக்குக் காரணம்.

அது நான் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த பழக்கம். எண்பதுகளில் கொடிகாமத்து முதலாளி ஒருவரின் லொறியில் கொழும்புக்கு வெங்காயமும் புகையிலையும் ஏற்றி ஓடினேன். முதலாளி 'ஏத்து' என்றால் ஏற்றுவேன். ஆனால் கொழும்பால் திரும்பி வந்ததும் லொறி அவருடைய வீட்டுக்குப் போகாது. மானிப்பாயில் எங்கள் ஒழுங்கை வாசலில்தான் நிற்கும். அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். சாரதி வீட்டில் நிற்கும்வரை லொறியும் அங்கேதான் நிற்கும். அடுத்த நடை எப்போது என்று கேட்க முதலாளிதான் பஸ் ஏறி வர வேண்டும். வந்தால் ஒரு தேத்தண்ணீர் குடிக்க வேண்டும், அம்மாவைச் சுகம் விசாரிக்க வேண்டும், வீட்டில் என்ன நல்லது கெட்டது நடக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்க வேண்டும். பிறகு எந்த முகத்தோடு 'இண்டைக்கே வெளிக்கிடு' என்பார்? நான் ஒருநாளும் லீவு கேட்டதில்லை. கேட்க வேண்டி வந்ததில்லை. ஓம் ஓம் என்று வேலை செய்தால் மற்றவன் தானாகவே என் நிலையை யோசிப்பான் என்ற நம்பிக்கையை அப்படியே மூட்டை கட்டி, விமானத்தில் இந்தக் குளிர் தேசத்துக்குக் கொண்டுவந்தேன்.

என் தங்கச்சி யோகம் போன வருடம் தன் மகள் தர்சினியோடு இங்கே வந்து சேர்ந்தாள். கிளாலிக் கடலைப் படகில் கடக்கும்போது அவள் புருஷன், என் மச்சான், துப்பாக்கிச் சூடு பட்டுச் செத்துப்போனார். அதன் பிறகு ஊரில் அவர்களை வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மா மட்டும் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று மானிப்பாயில் நின்றுவிட்டா. நான் கல்யாணம் கட்டவில்லை. கட்டுவதென்றாலும் கெவின் எந்த நாளைத் தருவானோ தெரியாது. ஆகவே ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடியில், தங்கச்சியும் மருமகளும் இருக்கிற இரண்டு அறைதான் என் வீடு. தர்சினிக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் நான்.

அவள் பிறந்தது எண்பத்து மூன்று ஆடியில். அந்த மாதக் கடைசியில் தமிழருக்கு எதிரான கலவரம் வெடித்தபோது நான் கொழும்பில் வெங்காயம் இறக்கிக்கொண்டு நின்றேன். என் கண் முன்னாலேயே லொறியைக் கொளுத்தினார்கள். சாக்கு இறக்குகிற சிங்கள நாட்டாமை ஒருவர் என்னைக் கடையின் உள்ளறைக்குள் தள்ளிப் பூட்டியதால் உயிர் தப்பினேன். பிறகு அகதி முகாம், பிறகு கப்பல், பிறகு காங்கேசன்துறை. ஒரு வாரம் மாற்றாத சாரத்தோடு மானிப்பாய்க்கு நடந்து வந்தபோது, மறுநாள் பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிவு. கொடிகாமத்து முதலாளி வந்திருந்தார். எரிந்த லொறியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. "நீ வந்திட்டாய், அது காணும்" என்றார். பிறகு என் மடியில் வைத்துத்தான் அந்தப் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். நாடே எரிந்துகொண்டிருந்தபோதும் நான் நேரத்துக்கு வந்து சேர்ந்தவன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

இந்த வருடம் வைகாசியில் தர்சினி பெரியபிள்ளையானாள். யோகம் பஞ்சாங்கம் பார்த்து ஒரு சனிக்கிழமையைக் குறித்தாள். காலையில் ராகு காலம் தொடங்குவதற்கு முன் வீட்டில் தண்ணீர் வார்ப்பு, பின்னேரம் மண்டபத்தில் கொண்டாட்டம். தாய்மாமன் பால் அறுகு வைத்து முதல் தண்ணீர் வார்க்க வேண்டும். தேப்பன் இல்லாத பிள்ளைக்கு மாமனும் இல்லாமல் போகக்கூடாது. யோகம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணை, அண்டைக்கு மட்டும் நில்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

கெவினிடம் மூன்று கிழமைக்கு முன்னரே சொன்னேன். என்ன விசேஷம் என்று கேட்டான். என் ஆங்கிலம் அங்கே மூச்சு வாங்கியது. தெரிந்த சொற்கள் இருந்தன, ஆனால் அவற்றை ஒரு வெள்ளைக்காரனிடம், அதுவும் பின்னால் நாலு பேர் சிரிக்கிற அலுவலகத்தில் ஒலிக்கும் தொலைபேசியில், என் மருமகளைப் பற்றி எப்படிச் சொல்வது? அந்தப் பிள்ளையின் மானம் என்ன கந்தோருக்குள் எறிகிற பந்தா? ஆகவே "பேர்த்டே" என்றேன். மருமகளின் பிறந்தநாள் என்றேன். "அருமை, உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறேன், கவலைப்படாதே" என்றான். நான் நம்பினேன். அந்த மூன்று கிழமையும் அவன் தந்த எல்லாவற்றையும் ஓடினேன். யாரும் போகமாட்டேன் என்று தள்ளிய மலைப் பாதைகளையும் ஓடினேன். நன்றி காட்டுகிறானாம் இந்த மடையன்.

இதே கம்பனியில் செல்வண்ணை என்று ஒருவர் ஓடுகிறார். கொடிகாமத்துக்காரர், எங்கள் தொடர்மாடியிலேயே இருக்கிறார். கனடாவில் லொறி ஓடிக்கொண்டு ஒவ்வொரு வெள்ளி பின்னேரமும் வீட்டில் சோறு சாப்பிடுகிற தமிழன் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அவர் எனக்கு முன்னரே சொன்னவர்.

"தம்பி, உவன் கெவினுக்கு உடனை ஓம் எண்டு சொல்லாதை. முதலிலை வீட்டுக்கு வாற நாளைக் கேள், பிறகுதான் லோட் எங்கையெண்டு கேட்க வேணும். நாளில்லையெண்டால் லோட்டும் இல்லையெண்டு சொல்லிப்போட்டுப் போனை வை. ரெண்டுதரம் கத்துவான். மூண்டாந்தரம் உன்ரை பேரைப் பலகையிலை எழுதி வைச்சிருப்பான்."

"அதெப்பிடி அண்ணை, வேலை தந்தவனுக்கு அப்பிடிச் சொல்லுறது?"

"அவன் உனக்கு வேலை தரேல்லை. நீ அவனுக்கு லொறி ஓடுறாய்."

எனக்கு அது அடங்காத்தனமாகப் பட்டது. இப்போது இதை வாசிக்கிற புதிய சாரதிகளுக்குச் சொல்கிறேன், செல்வண்ணை சொன்னதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதிக மைலும் வேண்டும், வீட்டு நாளும் வேண்டும் என்றால் நல்லவனாக இருக்காதீர்கள். இங்கே நல்லவனுக்குக் கிடைப்பது இன்னுமொரு லோட்தான்.

அந்தக் கிழமை கெவின் என்னை ஜோர்ஜியாவுக்கு வெங்காயம் ஏற்ற அனுப்பினான். ரொறொன்ரோவுக்கு வருகிற சுமை, வியாழன் காலை ஏற்றினால் வெள்ளி வீட்டில் நிற்கலாம் என்று அவனே சொன்னான். வெங்காயம் காயவில்லையாம். வியாழன் முழுவதும் அங்கே காத்துக் கிடந்தேன். கொடிகாமத்தில் ஒரு சாக்கைத் தூக்கிப் பார்த்தே ஈரம் சொல்கிறவர்கள் இருந்தார்கள், காயாத வெங்காயத்துக்கு லொறியைக் கூப்பிடமாட்டார்கள். வெள்ளி விடியற்காலைதான் ஏற்றித் தந்தார்கள். சாப்பாடும் இல்லாமல் ஓடி, பின்னேரம் ஒஹாயோவில் எங்கள் கம்பனி வளவில் டீசல் அடித்துக்கொண்டு கெவினுக்குத் தொலைபேசி எடுத்தேன். வந்துகொண்டிருக்கிறேன், நாளைக்கு விடிய வீட்டில் நிற்பேன் என்று சொல்லத்தான் எடுத்தேன்.

அவன் வேறொன்று சொன்னான். வெங்காயத்தை அந்த வளவிலேயே கழற்றிவிட வேண்டுமாம். அங்கே நிற்கிற இன்னொரு சாரதி அதை ரொறொன்ரோவுக்குக் கொண்டுபோவானாம். நான் வேறொரு ட்ரெயிலரைப் பூட்டிக்கொண்டு சிக்காகோ போக வேண்டுமாம். அவசரமாம், வேறு யாரையும் நம்ப முடியாதாம்.

"கெவின், நாளைக்கு என் மருமகளின் நாள். நீ வாக்குத் தந்தாய்."

"தெரியும். மன்னித்துக்கொள். ஆனால் அந்த மற்றச் சாரதி ஏரிக்கரை வீட்டுக்கு மீன் பிடிக்கப் போகிறான். அவன் ஜனவரியிலேயே சொல்லிவிட்டான், அவனை மாற்ற முடியாது. பிறந்தநாள் அடுத்த வருடமும் வரும்தானே? அவளுக்கு நல்ல பரிசாக ஒன்று வாங்கிக்கொண்டு போ."

அடுத்த வருடமும் வருமாம். எனக்குக் கண் மண் தெரியவில்லை. மீன் பிடிக்கப் போகிறவனுக்கு வீட்டு நாள் இருக்கிறது, ஒரு பிள்ளையின் வாழ்வில் ஒருதரம் மட்டும் வருகிற நாளுக்கு எனக்கு இல்லை. ஏன்? அவன் மாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவன், நான் ஓம் சொல்லப் பழகியவன். தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று தமிழில் தொடங்கினேன். யாழ்ப்பாணச் சந்தையில் நாட்டாமைகளிடம் கற்ற அத்தனையும் வந்தது. கெவின் ஒன்றும் விளங்காமல் "ஓகே மை ஃபிரெண்ட், ஓகே" என்றான். நான் சம்மதித்துவிட்டதாக நினைத்து வைத்துவிட்டான். நான் லொறியில் ஏறினேன். வெங்காயத்தைக் கழற்றவில்லை. கொடிகாமத்து லொறியைக் கொண்டுபோவதுபோல நேரே வீட்டுக்கு விட்டேன்.

எல்லையில் மறித்தார்கள். சுங்கத்துக்குக் கம்பனி அனுப்பிய பத்திரத்தில் வெங்காயம் மற்றச் சாரதியின் பெயரிலும் மற்ற லொறியின் இலக்கத்திலும் இருந்தது. பிழையை அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார். கம்பனி திருத்தி அனுப்பும்வரை ஓரமாக நிறுத்தச் சொன்னார். கம்பனியில் யாரும் எடுக்கவில்லை. ஆற்றைக் கடந்தாயிற்று, சுங்க வாசலுக்கு அந்தப் பக்கம் கனடா, கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனையிறவில் ஆமி மறித்து ஒவ்வொரு வெங்காயச் சாக்காக இறக்கிக் குத்திப் பார்த்துத் திரும்ப ஏற்ற வைத்த நாட்களிலும் எனக்கு இப்படி வயிறு எரிந்ததில்லை. அங்கே மறிப்பவன் எங்களை வெறுத்தான், அதற்குத் துவக்கும் வைத்திருந்தான். அவனுக்கு நான் எதிரி, அதாவது அவன் கண்ணுக்கு நான் ஒருவன் இருந்தேன். இங்கே என்னை வெறுப்பவன் ஒருவனும் இல்லை. எல்லோரும் சிரித்த முகத்தோடு காப்பி குடிக்கிறார்கள், நான் வீட்டுக்குப் போக முடியவில்லை. யாரோடு சண்டை பிடிப்பது?

திருத்திய பத்திரம் விடிந்த பிறகு வந்தது. ஸ்காபரோவுக்கு நான் வந்து சேர்ந்தபோது ராகு காலம் தொடங்கி முடிந்தும்விட்டது. அந்த நெடுத்த லொறியை வெங்காயத்தோடு எங்கள் தொடர்மாடியின் வாசலிலேயே நிறுத்தினேன். கட்டடக் காவலாளி கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான், பொலிசைக் கூப்பிடுவேன் என்றான். "கூப்பிடு" என்றேன். ஊரில் ஒழுங்கை வாசலில் லொறி நின்றால் வீட்டில் ஆம்பிளை நிற்கிறான் என்று அர்த்தம். இங்கே அது தெருச்சட்டத்துக்கு விரோதம். நான் படியேறினேன்.

வீடு முழுவதும் சனம். தர்சினி கூறைச்சேலை கட்டி, தலை நிறையப் பூவும் நகையுமாக, அழுது கழுவிய முகத்துக்குப் பவுடர் போட்டபடி இருந்தாள். கதவைத் திறந்தது செல்வண்ணை. அவருடைய வேட்டி முழங்கால் வரை நனைந்து இன்னும் காயாமல் இருந்தது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"கோவியாதை தம்பி. நேரம் போட்டுது. பிள்ளை மாமா வரட்டும் வரட்டுமெண்டு குளியல்தொட்டிக்கை நடுங்கிக்கொண்டு இருந்தவள். ராகு காலம் பிறக்கப்போகுதெண்டு சனம் அந்தரப்பட, நான்தான் வாத்துவிட்டனான்."

அவர் செய்தது சரி. அவரைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவருடைய நனைந்த வேட்டியைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மாட்டேன் என்று சொல்லத் தெரிந்த மனிதர் வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு வந்து, என் மருமகளுக்கு மாமனாகவும் நின்றுவிட்டார். யோகம் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "சாப்பிட்டியளோ அண்ணை?" என்றுதான் கேட்டாள்.

வீடியோக்காரர் மட்டும் சந்தோஷப்பட்டார். ஊரில் படம் எடுத்துப் பழகியவர், இங்கே சனி ஞாயிறுகளில் இதுதான் அவருக்குத் தொழில்.

"நல்லதாப் போச்சு, மாமா வந்திட்டார். அண்ணை, ஒருக்கா செம்பைத் தூக்கி வாக்கிற மாதிரிக் காட்டுங்கோ. செல்வண்ணை வாத்ததை வெட்டிப்போட்டு இதை ஒட்டிவிடலாம்."

"பிள்ளை சேலை கட்டியிட்டாள். எப்பிடித் தண்ணி வாக்கிறது?"

"தண்ணி வேண்டாமண்ணை. வெறுஞ்செம்பு காணும். நான் முகத்தை மட்டும்தான் எடுப்பன். நகையைக் கழட்டித் தோளிலை வெள்ளைச் சேலையைப் போட்டுவிட்டால் ஒருதருக்கும் தெரியாது."

அவனுடைய கமராவைப் பிடுங்கிக் கீழே நிற்கிற வெங்காய லொறிக்கு மேல் எறிய வேண்டும்போல இருந்தது. சடங்கு என்றால் என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறான்? வாயைத் திறந்துவிட்டேன். அப்போது தர்சினி எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"மாமா, வாருங்கோ. ஊரிலை அம்மம்மா இதைப் பார்ப்பா எல்லே."

குளியலறைக்குள் போனோம். வீடியோக்காரர் மலகூடத்தின் மூடிக்கு மேல் ஏறி நின்றார். தர்சினி பூவையும் நகையையும் கழற்றிவிட்டு, தொட்டியின் விளிம்பில் தோளில் வெள்ளைச் சேலையோடு இருந்தாள். மூன்று நாள் மாற்றாத சட்டையைக் கழற்றிவிட்டுச் செல்வண்ணையின் சால்வையை வாங்கிப் போட்டேன். அறுகும் பாலும் அவள் உச்சியில் வைத்தேன், அவை உண்மையானவை. பிறகு வெறுஞ்செம்பைத் தூக்கிச் சரித்தேன். ஒன்றும் விழவில்லை. பிள்ளை கண்ணை இறுக்க மூடி, தோளைக் குறுக்கி, ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு பாரமான செம்பை நான் தூக்கியதில்லை.

லொறிக்குப் பொலிஸ் தண்டம் எழுதியது. வெங்காயம் ஒன்றும் பழுதாகவில்லை. திங்கட்கிழமை கெவின் கூப்பிட்டான். கத்துவான் என்று பார்த்தேன், குறைப்பட்டுக்கொண்டான். "அவ்வளவு முக்கியமென்றால் நீ எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்" என்றான். சொன்னேனே என்றேன். "நீ பிறந்தநாள் என்றுதானே சொன்னாய்" என்றான். நான் வேலையை விடப்போகிறேன் என்றேன். அவசரப்படாதே, இந்தக் கிழமை கல்கரிக்கு நல்ல நீள ஓட்டம் இருக்கிறது, நிறைய மைல் என்றான். முதன்முறையாக அவனிடம் வீட்டுக்கு வரும் நாளை முதலில் சொல் என்றேன். மறுபக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு நாளைச் சொன்னான். இத்தனை வருடமும் இவ்வளவுதானா வேலை என்று எனக்கு இன்னும் ஆத்திரம் கூடியது.

வீடியோ கசெட்டின் ஒரு பிரதியை யோகம் கொழும்புக்குப் போகிறவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டாள். அது எந்தெந்தப் பைகளுக்குள் இருந்து, எந்தப் படகில் கிளாலியைக் கடந்து மானிப்பாய் போனதோ தெரியாது. ஊரில் மின்சாரம் இல்லை. அயலவர்கள் மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனரேற்றர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, எங்கள் விறாந்தையில் தொலைக்காட்சிப் பெட்டியை வைத்துப் போட்டிருக்கிறார்கள். கொழும்புக்கு வந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் யோகத்துக்குச் சொன்னதை, பிறகொரு நடையில் கல்கரியில் ஒரு பண்டகசாலையின் பின்பக்கம் நின்றபடி நான் யோகத்திடமிருந்து கேட்டேன்.

"அண்ணை, அம்மா நல்லா அழுதவவாம். அவன் எவ்வளவு தூரத்திலை ஓடித் திரிஞ்சாலும் பிள்ளையின்ரை தண்ணி வார்ப்புக்கு நேரத்துக்கு வந்திட்டானெண்டு எல்லாருக்கும் சொன்னவவாம். தண்ணி நல்லாக் குளிர்ந்துபோட்டுதுபோலை, பிள்ளை கண்ணை மூடினவளெண்டும் சொன்னவவாம்."

ஜெனரேற்றரில் எண்ணெய் முடிவதற்குள் அந்த இடத்தைத் திருப்பிப் போடச் சொல்லி இரண்டாம் தரமும் பார்த்தாவாம். இரண்டாம் தரமும் நான் நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.